கொஞ்சம் சாப்பிட்டார்

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை போனில் பேசும்போது நீ சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாய். ஜப்பானில் நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு ஐயா இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர், கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார், கெஞ்சிப் பார்த்துவிட்டு நீயும் தட்டை எடுத்துவிடுகிறாய் என்றாய். "அப்ப சாப்பாட்டுக் கணக்குத் தாள்ல என்னன்னு எழுதுவ?" என்று கேட்டேன். "கட்டத்துல பத்துல எத்தன பங்கு சாப்ட்டாருன்னு நம்பர் போடணும்மா. நான் அத விட்டுட்டு பக்கத்துல சுகோஷின்னு எழுதிருவேன். கொஞ்சம் சாப்ட்டாருன்னு அர்த்தம். ஒண்ணுமே சாப்புடலன்னு எழுதுனா நர்சக் கூப்புடணும், ஒரு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதணும். என்னோட ஜப்பான் எழுத்தப் பாத்தா அவங்க சிரிச்சே செத்துருவாங்க" என்றாய். அதன் பிறகு அங்கே குளிர் பண்டாரவளையைவிட எத்தனையோ மடங்கு என்று பேச்சு மாறிப்போனது. நானும் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. போனை வைத்த பிறகு பார்த்தால் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை.

நாளைக் காலை நீ வேலைக்குப் போவதற்குள் இதை வாசித்தாக வேண்டும். அதனால் கொப்பித் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பப் போகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லியிருந்தால் "சரிம்மா, சரிம்மா" என்றிருப்பாய். உன் சரிம்மாவை நான் இருபத்துநான்கு வருடமாகக் கேட்கிறேன். அதன் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

உன் அம்மா சந்தேகக்காரி என்பது இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கே தெரிந்த கதை. பிள்ளை மடுவத்தில் நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். விடியற்காலையில் பிள்ளையை என் கையில் போட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில் "புள்ள கொஞ்சம் சாப்ட்டுச்சுங்க ஆயா" என்பார்கள். "கொஞ்சம்னா எத்தன வாய்?" என்று கேட்டு மறித்து நிறுத்துவேன். "நாலஞ்சு வாயிங்க." "நாலா, அஞ்சா?" என்பேன். அவர்கள் முகத்தைச் சுழித்துக்கொண்டு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். எனக்குப் பின்னால் என்னை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும், போகட்டும். லுணுகலையில் பஸ்ஸுக்குள் உட்காரவைத்துவிட்டு "இந்தா கொஞ்ச நேரத்துல எடுத்துருவோம்" என்கிற கண்டக்டரிடமும் இதே பேச்சுத்தான். கொஞ்ச நேரம் என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டால் அவன் கூரையைப் பார்ப்பான்.

உன்னை அனுப்பிவைத்த பதுளை ஏஜென்சிக்காரரையும் நான் விடவில்லை. விசா எப்போது வரும் என்றதற்கு "கொஞ்ச நாள்ல வந்துரும்மா" என்றார். தேதி கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்து, "அம்மா கொஞ்சம் கஷ்டமான ஆளு போல" என்று சிரித்தார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். படியிறங்கி வரும்போது, "ஏம்மா என் மானத்த வாங்குற" என்றாய். பஸ் நிலையம்வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாய். அந்த மனிதர் சொன்னபடி எல்லாம் நடந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் நம்பவில்லை.

நீ ஜப்பான் மொழி படித்த எட்டு மாதமும் நானும் கூடவே படித்தேன். படித்தேன் என்றால், நீ தமிழ் எழுத்தில் எழுதிவைத்த கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உன்னைக் கேள்வி கேட்டேன். பூ, நாய், தண்ணீர் இவற்றோடெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. எண்கள்கூட ஒழுங்காகத்தான் இருந்தன. அளவு சொல்லாத வார்த்தைகளுக்கு வந்ததும்தான் எனக்கு மூக்கில் வியர்த்தது. சுகோஷி என்றால் கொஞ்சம். ச்சொத்தோ என்றாலும் கொஞ்சம். தகுசான் என்றால் நிறைய. இகுத்ஸுகா என்றால் சில. சூஜித்ஸு என்றால் சில நாள், சூநென் என்றால் சில வருடம். "அந்த சில எத்தனடா?" என்று கேட்டேன். "மூணுன்னும் வச்சுக்கலாம், அஞ்சாறுன்னும் வச்சுக்கலாம்மா, ஆளப் பொறுத்தது" என்றாய். ஆளைப் பொறுத்து மாறுவதற்குப் பெயர் அளவா? ச்சொத்தோ கதை அதைவிட மோசம். யாராவது ஒன்று கேட்டால் "ச்சொத்தோ..." என்று இழுத்து நிறுத்திவிட வேண்டுமாம், அதற்கு முடியாது என்று அர்த்தமாம். கொஞ்சம் என்று சொல்லி இல்லை என்பதை எதிராளிக்குப் புரியவைக்கிற ஊரா என்று அன்றைக்கே நினைத்தேன். பிறகு, நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது என்றும் நினைத்தேன்.

அப்பா உன் கொப்பியைப் பார்த்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் மொனராகலைப் பக்கம் ரோட்டு வேலையில் சீனாக்காரர்களுக்குக் கீழே இருந்தவர் அல்லவா? நீ வரைந்து வைத்திருந்த இரண்டு எழுத்துகளில் விரலை வைத்து, "இது எனக்குத் தெரியும்டா. துவோ ஷாவ். சிமெண்டு மூட்ட எவ்வளவுன்னு கேக்க எங்க சுப்பவைசரு இதத்தான் சிலேட்டுல எழுதிக் காட்டுவான்" என்றார். நீ அசந்துபோனாய். ஜப்பானிலும் அதே இரண்டு எழுத்துத்தானாம். முதல் எழுத்துக்கு நிறைய, இரண்டாவதுக்குக் குறைவு என்று பொருளாம். ஆனால் ஜப்பான்காரர் அதைத் தஷோ என்று வாசிக்கிறார்கள், அவர்களுக்கு அது கேள்வி இல்லை, ஓரளவு என்று பொருள். நம் கூடக்குறைய மாதிரித்தான் என்றேன் நான். சீனாக்காரன் எவ்வளவு என்று கேட்பதற்கு வைத்திருப்பதை ஜப்பான்காரன் அளவைச் சொல்லாமல் இருப்பதற்கு வைத்திருக்கிறான். அதற்கும் அப்பா ஒன்று சொன்னார். சீனாவில் எத்தனை நாள் என்று கேட்கும் ஜி தியென்தான் சில நாள் என்று மழுப்புவதற்குமாம். "லீவு எப்ப தருவீங்கன்னு கேட்டா ஜி தியென்னுவான். கேட்ட கேள்விய திருப்பிக் குடுக்குற மாதிரி இருக்கும்" என்றார். நான் வாய் கொள்ளாமல் சிரித்தேன். நம் எத்தனையோவும் எத்தனையின் வயிற்றிலிருந்து வந்ததுதானே, இந்தத் திருட்டு மூன்று ஊருக்கும் பொது என்றேன். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து கோழிக்கு இரை போடப் போய்விட்டார். எனக்கு அது அன்று உறைக்கவில்லை.

பதுளையில் நீ பஸ் ஏறும்போது, "எப்படா வருவ?" என்று கேட்டேன். என்னைச் சீண்ட வேண்டும் என்றே, "சூநென்" என்றாய். பஸ் திரும்பும்வரை கை காட்டினாய். அந்த வார்த்தையை நான் வீடுவரை சுமந்து வந்தேன். மூன்று வருடமா, ஆறு வருடமா, அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வராமலே போவாயா என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணக்குப் போட்டேன். என் பயம் அப்படி. அதை உன்மேல் சுமத்த இதை எழுதவில்லை. நீ வரும் வருடத்தை நீயே முடிவு செய். ஆனால் அந்த ஐயாவின் சாப்பாட்டை நீ முடிவு செய்யக்கூடாது. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன்.

உன் தாத்தா எப்படிச் செத்தார் என்று உனக்குச் சொல்லியிருப்பதெல்லாம் பாதிக் கதை. உனக்கு அப்போது ஏழு வயது. கை கால் இழுத்துக்கொண்டு, பேச்சும் போய், லயத்து வீட்டு வரிசையில் நம் காம்பராவின் உள்கட்டிலில் ஐந்து மாதம் கிடந்தார். அப்பா மொனராகலையில். என் மாமனாரல்லவா, மாமாவைக் குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் ஊட்டுவதும் நான்தான். அப்போது நான் கொழுந்து பறிக்கிறேன். விடிந்ததும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பெயர் இல்லை, சம்பளமும் இல்லை. முதல் நான்கு மாதம் ஒழுங்காகத்தான் பார்த்தேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. அதன் பிறகு எனக்குச் சலித்துவிட்டது. ஆமாம், சலிப்புத்தான். பாசம், கடமை என்று எதைச் சொன்னாலும் தினமும் ஒரே மணம், ஒரே முனகல், மலையில் பன்னிரண்டு கிலோ முதுகில் தொங்கிய பிறகு வந்து மறுபடியும் அதே கட்டில். ஒரு திங்கட்கிழமை காலையில் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். மாமா வாயை இறுக்கிக்கொண்டார். "தொறங்க மாமா, நேரமாவுது" என்றேன். திறக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துத் திருப்பினேன். கண்ணை மூடிக்கொண்டார். கஞ்சிக் கோப்பையை மூடிவைத்துவிட்டு ஓடினேன். சாயங்காலம் அது ஆடை கட்டி அப்படியே இருந்தது. லயத்துக்குப் பின்னால் கோழிக்குக் கொட்டினேன்.

அன்று மாலை அப்பா போன் எடுத்தார். "அப்பா சாப்ட்டாரா?" "கொஞ்சம் சாப்ட்டாருங்க" என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று பதினேழு வருடமாக யோசிக்கிறேன். சாப்பிடவில்லை என்றால் அவர் பதறுவார், வேலையை விட்டுவிட்டு வருவார், வேலை போய்விடும். அது ஒரு காரணம். என் கையால் கொடுத்ததை மாமா வேண்டாம் என்றது எனக்கு அவமானமாக இருந்தது, அது இன்னொன்று. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கு மறுநாளும். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வழியில் மறித்து விசாரித்தார், அவருக்கும் "கொஞ்சம்" என்றேன். தண்ணீரில் நனைத்த துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேனே, ஒன்றிரண்டு சொட்டு உள்ளே போயிருக்குமே, அதுவும் கொஞ்சம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தைக்குள் ஒரு கோப்பையும் அடங்கும், ஒரு சொட்டும் அடங்கும், ஒன்றுமில்லாததும் அடங்கும். அதனால்தான் அது எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. "லீவு கேட்டிருக்கேன், சில நாள்ல தருவாங்க, வந்துர்றேன்" என்று ஒவ்வொரு நாளும் அப்பா சொல்வார். "அவசரமில்லங்க" என்பேன் நான்.

சனிக்கிழமை மாமாவுக்கு நினைவு தப்பியது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் உதவியோடு வேனில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா, சின்ன வயது, நல்ல பொறுமை. "எத்தினை நாளா சாப்பிடேல்லை?" என்று கேட்டார். "ரெண்டு மூணு நாளாங்க" என்றேன். பேனையை எடுக்காமல் என்னையே பார்த்தார். "ரெண்டோ, மூண்டோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா. அதைப் பாத்துத்தான் நாங்கள் வைத்தியம் செய்ய வேணும்." உண்மை ஆறு. திங்கள் முதல் சனி வரை ஆறு. ஆறு என்று என் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் நிற்கிறார்களே என்று பார்த்தேன். "மூணுங்க" என்றேன். அவர் மூன்று என்று எழுதினார். மாமா திங்கட்கிழமை விடியும்போது போய்விட்டார். ஆறு என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. அந்த டாக்டரம்மாவைத் தேடிப்போய்க் கேட்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். பார், இங்கேகூட எத்தனையோ என்றுதான் எழுத வருகிறது. இரண்டு தடவை. ஒரு தடவை பஸ் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தேன்.

அடுத்த வருடம் பிள்ளை மடுவத்தில் ஆயா வேலைக்கு ஆள் எடுத்தார்கள், எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் எனக்குக் கிடைத்தது. எந்தப் பிள்ளை எத்தனை கரண்டி சாப்பிட்டது என்று எழுதச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. நானாகத்தான் ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்தேன். ஊரில் எல்லோரையும் நான் சந்தேகப்படுகிறேன் என்பார்கள். உண்மையில் நான் சந்தேகப்பட்டது ஒருத்தியைத்தான். கொஞ்சம் என்று யார் சொன்னாலும் அது என் குரலில் கேட்கும். நான் அன்று சொன்னதைத்தான் இவளும் சொல்கிறாள் என்று தோன்றும். பாதி நாள் அந்தத் தாய்மார் மேல் அநியாயமாகப் பாய்ந்திருக்கிறேன். உண்மையாகவே நாலைந்து வாய் சாப்பிட்ட பிள்ளைகள்தான் அவை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. இன்று உன் போன் வந்த பிறகு, மகனுக்கு எழுதுவதற்கு முன்னால் அவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. மத்தியானம் அவர் பின்பக்கம் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பை, கோழி, டாக்டரம்மா, ஆறு நாள். திட்டுவார், அல்லது அடிக்கக் கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். என்னைக் கட்டிய நாளிலிருந்து ஒரு தடவையும் ஓங்காத கை, ஆனாலும் எதிர்பார்த்தேன். அவர் கையில் இருந்த கயிற்றை முடிச்சுப் போடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "ஆறு நாளா?" என்றார். "ஆமாங்க." கயிற்றைக் கம்பில் சுற்றி முடிச்சைப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நான் லீவே கேக்கல புள்ள."

எனக்கு விளங்கவில்லை. "கேட்டிருக்கேன், சில நாள்ல தருவாங்கன்னு தெனமும் சொன்னீங்களே?" என்றேன். "சொன்னேன். அந்த சீனாக்காரன்கிட்ட நான் வாயவே தொறக்கல. கேட்டா பேர வெட்டிருவான்னு பயம். பயம் மட்டும் இல்ல. அப்பாவ அந்தக் கோலத்துல பாக்க என்னால முடியல. நீ கொஞ்சம் சாப்ட்டாருன்னு சொல்றப்ப எனக்கு நிம்மதியா இருக்கும். நெசந்தானான்னு ஒரு தடவகூட ஒன்னக் கேக்கல. கேட்டா வரணுமே" என்றார். அதற்குப் பிறகு அழுதார். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவர் சத்தம் போட்டு அழுது நான் கேட்டது இன்றைக்குத்தான். மாமாவின் சாவுக்கும் அவர் அப்படி அழவில்லை.

கண்டக்டரை நம்பவில்லை, ஏஜென்சிக்காரரை நம்பவில்லை, பால் கொடுக்கும் தாயை நம்பவில்லை. கட்டினவர் சொன்ன சில நாளை மட்டும் பதினேழு வருடம் ஒரு கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறேன். அவரும் என் கொஞ்சத்தை நம்பினார். நம்பினோம் என்பதுகூடப் பொய். அவர் வராமல் இருக்க நான் வழி செய்து கொடுத்தேன், நான் சொல்லாமல் இருக்க அவர் வழி செய்து கொடுத்தார். நடுவில் ஒரு மனிதர் ஆறு நாள் பட்டினி கிடந்தார். இதில் சீனாக்காரன்மேல் ஒரு தப்பும் இல்லை, அவனுக்கு இந்த விஷயமே தெரியாது.

உன்னை நான் குற்றம் சொல்லவில்லை, தம்பி. வீட்டில் ஒரு தட்டைக்கூடக் கழுவாத பயல் எவரோ ஒரு முதியவருக்கு ஊட்டிவிடுகிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். உனக்கு ஊட்டத் தெரியவில்லை என்றும் இல்லை. அந்த வயதில் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். ஏன் என்று நமக்குத் தெரியாது, நர்சுக்கோ டாக்டருக்கோ தெரியலாம். தொண்டையில் புண் இருக்கலாம். பல் வலிக்கலாம். போதும் என்றும் முடிவு செய்திருக்கலாம். அதுவாக இருந்தாலும் அவருடைய பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும், வரக்கூடியவர்கள் வருவார்கள். நீ எழுதுகிற கொஞ்சத்தை எங்கேயோ ஒரு ஊரில் அவருடைய மகன் போனில் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பான்.

நாளைக் காலை போனதும் முதல் வேலையாக நர்சைக் கூப்பிடு. எத்தனை நாளாக அவர் சாப்பிடவில்லை என்று கேட்பார்கள். அது உனக்குத் தெரியும், எனக்கு எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். திட்டினால் வாங்கிக்கொள். ரிப்போர்ட்டில் பிழை விட்டால் விடு, சிரித்தால் சிரிக்கட்டும், சிரித்து ஒருவரும் சாகமாட்டார்கள். அந்தக் கட்டத்தில் நம்பரைப் போடு. நம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த அதே பூஜ்யத்தைத்தான் அங்கேயும் எழுதுகிறார்கள் என்று உன் கொப்பியில் பார்த்தேன். அதற்கு நல்ல கையெழுத்து வேண்டாம் தம்பி, கை நடுங்கினாலும் எழுதலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா